பம்பரில் ஓட்டை போடாமல் நம்பர் பிளேட்!

‘எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்’ என்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஃபிரிஸ்கோவிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

விஷயம் இதுதான். அட்லான்டாவில் எட்டு வருடம் இருந்த குடும்பம், வேலை மாற்றத்தால் டல்லாஸ் பக்கம் வந்துவிட்டது. வெள்ளை நிறக் கார். கணவர் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஜார்ஜியா மாநிலத்தில் காருக்குப் பின்னால் மட்டும் நம்பர் பிளேட் இருந்தால் போதும். டெக்சாஸில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வேண்டும். பதிவு செய்ததும் இரண்டு பிளேட் கொடுத்துவிட்டார்கள். பின்னால் மாட்டியாகிவிட்டது. முன்பக்க பிளேட் மட்டும் உறைகூடப் பிரிக்காமல் கராஜ் அலமாரியில் கிடக்கிறது. காரணம், முன் பம்பரில் பிளேட் மாட்ட இடமே இல்லை. வழவழவென்று இருக்கிறது. டீலரிடம் கேட்டால், ‘இரண்டு ஓட்டை போட்டு பிராக்கெட் வைத்துத் தருகிறோம், பத்து நிமிஷ வேலை’ என்கிறார்கள். ‘என் காரில் டிரில்லிங் மெஷினா?’ என்று கணவர் திரும்பி வந்துவிட்டாராம்.

‘அவர் தினமும் ராத்திரி வீடியோ பார்த்து ஆராய்ச்சி செய்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், நாற்பது வருடம் பஸ் டெப்போவில் வேலை பார்த்தவர், ‘ரெண்டு ஸ்க்ரூ போட்டா முடிஞ்சுது, இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?’ என்கிறார். எனக்கு இரண்டுமே பிரச்னை இல்லை சார். எங்கள் பெண்ணுக்கு 17 வயது. இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். சாயங்காலம் வேலை முடிந்து அந்தக் காரில்தான் தனியாக வருகிறாள். முன்னால் பிளேட் இல்லை என்று போலீஸ் நிறுத்தினால் அவள் பயந்துபோவாளே என்பதுதான் என் கவலை’ என்று முடித்திருக்கிறார்.

அம்மாவின் கவலைதான் இதில் முதல் விஷயம் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முன்பக்க பிளேட் இல்லாமல் டெக்சாஸில் ஓட்டினால் 200 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். கலிபோர்னியாவில், சரிசெய்து காட்டினால் 25 டாலர் கட்டணத்தோடு விட்டுவிடும் வகையைச் சேர்ந்த குற்றம் இது. பணம் பெரிய விஷயமில்லை. ஆனால், பிளேட் இல்லை என்ற அந்த ஒரு காரணமே ரோட்டில் போகும் காரை நிறுத்தச் சட்டப்படி போதுமானது. வேறு எந்தத் தப்பும் நீங்கள் செய்திருக்க வேண்டாம். சிலர் பிளேட்டை முன்கண்ணாடிக்கு உள்ளே, டேஷ்போர்டில் சாய்த்து வைத்துவிட்டு ‘முன்னால்தானே இருக்கிறது’ என்பார்கள். 2010-ல் டெக்சாஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் விசாரித்தது. ‘முன்பக்கம்’ என்றால் காரின் முன்கோடிப் பகுதி, வழக்கமாகச் சொன்னால் முன் பம்பர் இருக்கும் இடம். கண்ணாடிக்குள் வைத்திருந்ததற்காகப் போலீஸ் காரை நிறுத்தியது சரியே என்று தீர்ப்பளித்தது. ஆகவே டேஷ்போர்டு யோசனையை இன்றோடு மறந்துவிடலாம்.

இதே கார் ஜார்ஜியா பதிவில் இருந்தவரை டெக்சாஸ் ரோட்டில் பின்பக்க பிளேட்டோடு மட்டும் ஓடியதில் தவறில்லை. குடிவந்த 30 நாட்களுக்குள் டெக்சாஸ் பதிவுக்கு மாற வேண்டும். மாறிய பிறகு இந்த ஊர்ச் சட்டம். கலிபோர்னியாவுக்குக் குடிபோகிறவர்களுக்கு இந்த அவகாசம் இன்னும் குறைவு, 20 நாள்தான்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சென்னையில் ஷோரூமிலிருந்து கார் வெளியே வரும்போதே முன்னும் பின்னும் பிளேட் இருக்கும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டே கட்டாயம். நாடு முழுக்க ஒரே சட்டம் என்பதால் பம்பரை வார்க்கும்போதே பிளேட்டுக்கு இடம் விட்டு வார்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. டெக்சாஸ், கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன், வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் இரண்டு பிளேட். ஜார்ஜியா, ஃபுளோரிடா, மிச்சிகன், பென்சில்வேனியா, வட கரோலினா, அரிசோனா போன்றவற்றில் ஒன்று. ஒஹையோ 2020 ஜூலையிலும், யூட்டா 2025 தொடக்கத்திலும் ‘முன்னால் வேண்டாம்’ பட்டியலுக்கு மாறிவிட்டன. ஒரே மாடல் கார் இரண்டு வகை மாநிலங்களுக்கும் போகிறது. அதனால், பல கம்பெனிகள் பம்பரைத் துளையில்லாமல் அனுப்பிவிட்டு, பிராக்கெட்டை டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடுகின்றன. துளை போடுவது விற்கும் டீலரின் வேலை. அட்லான்டாவில் வாங்கிய காரில் அந்த வேலை நடந்திருக்காது.

இப்போது பம்பர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மாமனார் பார்த்த பஸ்ஸின் பம்பர் இரும்பு. இன்றைய காரில் நாம் பம்பர் என்று தொட்டுப் பார்ப்பது பெயின்ட் அடித்த மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதற்குப் பின்னால் நுரை மாதிரி ஒரு மெத்தை, அதற்கும் பின்னால்தான் அடி தாங்கும் உலோகச் சட்டம். காந்தம் வைத்த பிளேட் ஹோல்டர் வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பிளாஸ்டிக்கில் காந்தம் எப்படி ஒட்டும்?

பிளாஸ்டிக் என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. துளை போட்டால் துருப்பிடிக்கும் என்ற பயம் தேவையில்லை. துருப்பிடிக்க அங்கே இரும்பே இல்லை. உண்மையான பயம் இரண்டுதான். ஒன்று, துளை போட்டதைத் திரும்பப் பழையபடி ஆக்குவது கடினம். அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும், வெள்ளையிலும் முத்து வெள்ளை மாதிரி நிறங்கள் பொருந்துவது குதிரைக்கொம்பு. இரண்டு, உறைக்குப் பின்னால் பார்க்கிங் சென்சாரின் ஒயர், ரேடார், சில கார்களில் பாதசாரி மோதினால் உணரும் மெல்லிய ரப்பர் குழாய் எல்லாம் ஓடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு டிரில்லை உள்ளே விட்டால் எதைத் தொடும் என்று சொல்ல முடியாது.

ஆகவே, கணவரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று மாத ஆராய்ச்சிக்கு நியாயம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

சரி, துளை போடாத வழிகள். முதலில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் உட்காருங்கள். பல கார்களில் துளை ஏற்கெனவே இருக்கும். சின்ன பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருப்பார்கள், அல்லது கீழ் கிரில்லின் விளிம்பில் பிராக்கெட் வந்து உட்கார இரண்டு காடி இருக்கும். காரோடு வந்த கையேட்டில் ‘முன்பக்க பிளேட்’ என்று தேடுங்கள். கம்பெனியே துளையில்லாத பிராக்கெட் தரும் கார்களும் உண்டு. டெஸ்லாவின் மாடல் 3-க்கு ஒட்டும் டேப் வைத்த பிராக்கெட்டைக் கம்பெனியே கொடுக்கிறது. எனக்குத் தெரிந்து, பாதிப் பேர் பிரச்னை இந்த ஐந்து நிமிடத் தேடலிலேயே தீர்ந்துவிடும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால், நான் முதலில் சிபாரிசு செய்வது டோ ஹூக் பிராக்கெட்.

பம்பரின் ஒரு ஓரத்தில், இடப்பக்கமோ வலப்பக்கமோ, தீப்பெட்டி அளவில் சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு சின்ன மூடி தெரியும். கார் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க, அந்த மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் மரையில் ஒரு கொக்கியைத் திருகி மாட்டுவார்கள். அந்த மரை நேராகக் காரின் உலோகச் சட்டத்தில் இருக்கிறது. மொத்தக் காரையே இழுத்துத் தாங்கும் இடம் அது. அதில் ஒரு தண்டைத் திருகி, தண்டின் நுனியில் பிளேட்டை மாட்டினால் பம்பரில் ஒரு கீறல்கூட விழாது. வேண்டாம் என்றால் கழற்றி, மூடியைப் போட்டுவிட்டால் கார் பழையபடி. 30 டாலரிலிருந்து 100 டாலருக்குள் கிடைக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது மரையின் அளவு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபோக்ஸ்வேகன் மாதிரி சில கார்களில் மரை தலைகீழ். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இது தெரியாமல் வழக்கமான பக்கம் பலம் கொண்டு திருகி மரையைக் கெடுத்துக்கொண்டால், செலவு பம்பர் துளையைவிடப் பல மடங்கு. சுலபமான சோதனை இருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி சாமான்களோடு காரின் சொந்தக் கொக்கி இருக்கும். அதைக் கையால் திருகிப் பாருங்கள், எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். வாங்கிய தண்டின் மரையையும் கொக்கியின் மரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பல்லுக்குப் பல் பொருந்த வேண்டும். முதல் நான்கு சுற்று வெறும் கையால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அதற்கு முன் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டாம். பல மூடிகளில் ஒரு ஓரத்தை அழுத்தினால் எதிர் ஓரம் எழும்பும். மற்றவற்றுக்குத் துணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டை போதும். கழற்றிய மூடியை ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி, பத்திரப்படுத்துங்கள். கார் நிறத்திலேயே பெயின்ட் அடித்த மூடி அது, தொலைத்தால் தனியாக வாங்க வேண்டும்.

தண்டு உள்ளே இறங்கியபின், பிளேட் நேராக நிற்கும் நிலையில் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இங்கேதான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். அமெரிக்க பிளேட்டின் அளவு 12 அங்குலத்துக்கு 6 அங்குலம். மணிக்கு 70 மைல் வேகத்தில் ஹைவேயில் போகும்போது எதிர்க்காற்று அதன்மேல் ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் ஒரு தண்டின் நுனியில், நிற்காத அதிர்வோடு வருகிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் பிளேட் சாயும், அல்லது பின்னால் வளைந்து பம்பரைத் தேய்க்கும். துளை போடக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பெயின்ட்டில் பிறை வடிவத்தில் தேய்ந்த தடத்தோடு நிற்கும் கார்களைப் பார்த்திருக்கிறேன். பிளேட்டின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் மெத்தென்ற ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். நட்டில் மரை இளகாமல் பிடிக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். முதல் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். நியூயார்க், கலிபோர்னியா சட்டங்கள் பிளேட் ஊசலாடக் கூடாது என்றே சொல்கின்றன. இரண்டு பிளாஸ்டிக் டையைப் போட்டு கிரில்லில் தொங்கவிடுவது இந்த இடத்தில் அடிபட்டுப்போகும்.

‘பிளேட் ஒரு பக்கமாக இருக்குமே, அசிங்கமாக இருக்காதா?’ என்று கணவர் கேட்பார். ரசனை அவரவர் விருப்பம். ஆல்ஃபா ரோமியோ என்ற இத்தாலியக் கம்பெனி தன் பல கார்களில் நடுவில் முக்கோண கிரில்லை வைத்துவிட்டு, பிளேட்டை ஓரத்தில்தான் மாட்டுகிறது. அதை அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

டோ ஹூக் மரை இல்லாத கார்களும் உண்டு. அவற்றுக்கு அடுத்த வழி கிரில். கீழ் கிரில்லின் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு பட்டை, முன்னால் பிளேட் பிராக்கெட், இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்த்துக் கவ்வ வைப்பது. பிளேட் நடுவில் வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால், புதிய கார்களில் கிரில்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. எரிபொருள் மிச்சமாக, தானே திறந்து மூடும் சின்னப் பலகைகள் பல கார்களில் இருக்கின்றன. நீளமான போல்ட் அவற்றில் இடித்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். முன்னால் போகும் காரைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் ரேடார் சில கார்களில் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் கீழ் கிரில்லிலேயே ஒரு கறுப்புப் பலகை மாதிரி இருக்கும். அதன்மேல் அலுமினிய பிளேட்டை வைப்பது, மனிதர் கண்ணில் தகரத்தைக் கட்டுவதற்குச் சமம். 17 வயதுப் பெண் ஓட்டும் காரில், தானாக பிரேக் பிடிக்கும் வசதியை நாமே முடக்கிவிடக் கூடாது. பம்பரில் பொட்டு மாதிரி தெரியும் பார்க்கிங் சென்சார்களையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். மாட்டி முடித்ததும் ஒரு காலி பார்க்கிங்கில் ஓட்டிப் பாருங்கள். எதிரில் ஒன்றும் இல்லாதபோதும் பீப் பீப் என்று கத்தினால் பிளேட் சென்சாரின் பார்வையில் நிற்கிறது, இடத்தை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, டேப். இரண்டு பக்கமும் ஒட்டும் வி.ஹெச்.பி. ரக டேப் நல்ல பலம் உள்ளதுதான். கட்டடக் கண்ணாடிகளையே அதில் ஒட்டுகிறார்கள். டேப் மேல் எனக்கு அவநம்பிக்கை இல்லை. ஒட்டுகிறவர்களின் பொறுமை மேல்தான் அவநம்பிக்கை. மெழுகு பாலிஷ் போட்ட பம்பரில் எதுவும் ஒட்டாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெழுகு போகத் துடைத்து, காய விட்டு, 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் ஒட்டி, முழுதாக அழுத்த வேண்டும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அந்த மூன்று நாளும் கார் கழுவக் கூடாது. அதற்குப் பிறகும், பிரஷ் சுழலும் தானியங்கி கார் வாஷுக்குள் இதைக் கொண்டுபோக நான் தைரியப்பட மாட்டேன். பம்பரின் வளைவுக்கும் பிராக்கெட்டின் நேர்ப்பட்டைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால், டேப் பிடிப்பது இரண்டு ஓரங்கள் மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். எடுக்க வேண்டி வந்தால் கத்தி வேண்டாம். ஹேர் டிரையரில் சூடு காட்டி, மீன்பிடி நரம்பையோ பல்லிடுக்கு நூலையோ பின்னால் விட்டு அறுத்தால் வந்துவிடும்.

ஸ்டிக்கர் பற்றியும் கேட்பீர்கள். பிளேட் மாதிரியே அச்சடித்து பம்பரில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கரை முன்பக்கத்துக்குக் கலிபோர்னியா அனுமதிக்கிறது, ஆனால் அரசு அங்கீகரித்த தயாரிப்பாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் நீங்களே அச்சடித்தது செல்லாது. டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கு இந்த வழி இல்லை, மாநிலம் கொடுத்த தகடுதான். பிளேட்டின் மேல் போடும் கறுப்புக் கண்ணாடி உறை, பட்டனை அழுத்தினால் பிளேட்டைத் திருப்பி மறைக்கும் கருவி இவற்றைப் பற்றி ஒரு வரிதான்: வாங்காதீர்கள். திருப்பும் கருவி டெக்சாஸில் தனிக் குற்றம்.

கழன்று விழுந்தால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். ரோட்டில் விழுந்த பிளேட் வெறும் தகரம் இல்லை. யாராவது எடுத்துத் தன் காரில் மாட்டிக்கொண்டு சுங்கச் சாலையில் போனால் பில் உங்கள் வீட்டுக்கு வரும். டல்லாஸைச் சுற்றிக் கேமராவில் பிளேட்டைப் படமெடுத்தும் சுங்கம் வசூலிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சுங்க பில்லோடு போனால் பரவாயில்லை. வேறு ஏதாவது காரியத்துக்குப் பயன்பட்டால் அந்தக் காரை நிறுத்தத் தேடும் நம்பர் உங்கள் பெண் ஓட்டும் காரின் நம்பர். பிளேட் காணாமல்போனால் அன்றே போலீஸில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு பதிவு அலுவலகத்தில் மாற்று பிளேட்டுக்கு விண்ணப்பியுங்கள். திருட்டைத் தடுக்க, மரை தனி வடிவில் இருக்கும் பூட்டு ஸ்க்ரூக்கள் மலிவாகவே கிடைக்கின்றன.

இனி மாமனார் கட்சி. துளை போடுவது அப்படி ஒன்றும் பாவமில்லை. சொந்தக் கார், பத்து வருடம் ஓட்டப்போகிறோம், டெக்சாஸை விட்டுப் போகும் எண்ணமில்லை என்றால் டீலர் சொன்ன பத்து நிமிட வேலையைச் செய்துகொள்ளலாம். எதிர்காலத்தில் அதை வாங்குகிறவரும் டெக்சாஸ்காரர் என்றால் அவருக்கும் அந்த பிராக்கெட் தேவை. பல பம்பர்களில் துளை போட வேண்டிய இடத்தில் மிகச் சின்னக் குழி இருக்கும். ‘இங்கே போட்டால் பின்னால் ஒன்றும் இல்லை’ என்று கம்பெனி வைத்த அடையாளம் அது. அந்த இடத்தில் மட்டும், கம்பெனி பிராக்கெட்டோடு வந்த ஸ்க்ரூ அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். டிரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொண்டு போடும் மெக்கானிக் என்றால் நம்பிக் கொடுக்கலாம்.

லீஸ் கார் என்றால் கதை வேறு. திருப்பிக் கொடுக்கும்போது பம்பர் துளைக்குப் பணம் பிடிப்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். இரண்டு பிளேட் கட்டாயமான மாநிலம் என்பதைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். துளை போடுகிறவரும் கணக்குப் பார்க்கிறவரும் மூன்று வருடம் கழித்து ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டு வழக்குக்கு என் தீர்ப்பு: டோ ஹூக் பிராக்கெட். ஒரு சனிக்கிழமை காலை, அரை மணி நேரம். கணவர் மரையைப் பார்க்கட்டும், மாமனார் நட்டை இறுக்கட்டும். டெப்போவில் நாற்பது வருடம் இறுக்கிய கைக்கு எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வீடியோ பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. பிராக்கெட் தபாலில் வரும்வரை பெண்ணுக்கு வேறு காரைக் கொடுங்கள், அல்லது நீங்கள் போய் அழைத்து வாருங்கள்.

பெண்ணிடம் ஒன்று சொல்லி வைப்பது நல்லது. பிளேட் இருந்தாலும், விளக்கு எரியாதது மாதிரி வேறு எதற்காவது போலீஸ் நிறுத்தலாம். இண்டிகேட்டர் போட்டு வலது ஓரம் வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். கேட்ட பிறகு, ‘எடுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் எடுக்கட்டும். காரை விட்டு இறங்கக் கூடாது. நம் ஊரில் மரியாதைக்கு இறங்கி நிற்போம், இங்கே அது தப்பாகப் புரிந்துகொள்ளப்படும்.

இன்னும் ஒன்று. டோ ஹூக் மரையில் பிளேட் பிராக்கெட் உட்கார்ந்துவிட்டதால், கார் நடுரோட்டில் நின்றுபோய் இழுக்க வேண்டி வந்தால் முதலில் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும். காரின் சொந்தக் கொக்கியை ‘இனி எதற்கு’ என்று கராஜ் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அது டிக்கியில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பூட்டு நட்டின் அளவுக்கு ஒரு ஸ்பேனரும் அதோடு சேர்த்து வையுங்கள். மரை தலைகீழ் என்றால், எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று ஒரு சீட்டில் அம்புக்குறி போட்டு அந்த ஸ்பேனரிலேயே கட்டிவிடுங்கள்.